அரை டம்ளர் தண்ணீர்

அந்த வீட்டில் எனக்கும் அவளுக்கும் முதல் சண்டை ஒரு டம்ளர் தண்ணீரால் வந்தது.

நான் நர்ஸாக வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாள். பெரியவருக்குக் காலை மாத்திரை கொடுக்கும் நேரம். கட்டிலில் தலையணைகளை அண்டக் கொடுத்து அவரை நிமிர்த்தி உட்கார வைத்துவிட்டு, தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். அவர் மகள் கொண்டுவந்தாள். சமையலறையிலிருந்து அந்த அறைக்குப் பதினோரு அடி. அந்தப் பதினோரு அடியையும் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை அதைவிட்டு எடுக்காமல், கயிற்றின் மேல் நடப்பவள் போல நடந்து வந்தாள். அவ்வளவு ஜாக்கிரதையாகக் கொண்டுவந்த டம்ளரில் தண்ணீர் பாதிதான் இருந்தது.

"ஏம்மா, நிறைய கொண்டா."

"இது போதும் சிஸ்டர். வேணும்னா இன்னொரு தடவ கொண்டுவரேன்."

"இன்னொரு தடவ இல்ல. இப்பவே நிறைய வேணும்."

காரணத்தைச் சொன்னேன். பக்கவாதம் வந்தவருக்குத் தொண்டைத் தசையும் பலவீனமாக இருக்கும். டம்ளர் நிறைய இருந்தால் உதட்டில் வைத்ததும் தண்ணீர் வந்துவிடும். பாதி இருந்தால் தலையைப் பின்னால் சாய்த்தால்தான் வரும். சாய்த்தால் புரையேறும். தண்ணீர் நுரையீரலுக்குள் போகும். ஒரு காய்ச்சல் போதும், ஆள் போய்விடுவார். இதையெல்லாம் அவள் கவனமாகக் கேட்டாள். தலையாட்டினாள். மத்தியானம் மறுபடியும் பாதி டம்ளரோடு வந்தாள்.

"காது கேக்குமா உனக்கு?" என்றேன்.

"கேக்கும். கை கேக்க மாட்டேங்குது."

என்ன பேச்சு இது என்று எனக்கு எரிச்சலாக வந்தது. நானே எழுந்து போய் நிறைத்துக்கொண்டு வந்தேன். மூன்று வாரம் இப்படியே போயிற்று. நோயாளி எவ்வளவு குடித்தார் என்று நேரவாரியாகக் குறிப்பேட்டில் எழுதுவது என் வழக்கம். அந்த மூன்று வாரப் பக்கங்களில் 'பாதி, பாதி, பாதி' என்று ஒரே மந்திரமாக இருக்கும்.

அவளுக்கு ஐம்பது வயது. அந்தக் குடியிருப்பில் எல்லோருக்கும் அவள் பொம்மைக்காரம்மா. கார்ட்டூன் வரைகிறவள். மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. ஒரு அறை அப்பாவுக்கு, இன்னொரு அறை காகிதத்துக்கு. அவள் தூங்குவது காகித அறையில், மேஜைக்கும் அலமாரிக்கும் நடுவே விரித்த பாயில். மேஜையில் அடியில் விளக்கு எரியும் ஒரு கண்ணாடிப் பலகை. அதன் மேல் ஒரு படத்தை வைத்து, அதன் மேல் வெற்றுக் காகிதத்தை வைத்து, கீழே தெரியும் கோட்டைக் கொஞ்சம் நகர்த்தி வரைவாள். அப்புறம் இன்னொரு காகிதம். இன்னும் கொஞ்சம் நகர்த்தல். படத்தில் ஒரு கை மேலே போக இருபது காகிதம் வேண்டும். எனக்கானால் முதல் நாளே பைத்தியம் பிடித்திருக்கும்.

இருபது வயதில் ஒரு விளம்பரக் கம்பெனியில் சேர்ந்தாளாம். பெரிய ஓவியர்கள் முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் வரைந்துவிட்டுப் போவார்கள். பற்பசை விளம்பரம் என்றால், முதலில் பல் தூங்குகிறது, கடைசியில் பல் எழுந்து நின்று சிரிக்கிறது. நடுவில் அந்தப் பல் எப்படி எழுந்தது என்பதை வரைய வேண்டியது இவள். பதினெட்டு வருடம் இவள் வரைந்ததெல்லாம் நடுப்படங்கள்தான். "என் பேரு எதுலயும் வராது சிஸ்டர். ஆனா நான் இல்லன்னா பல்லு படுத்தே கிடக்கும்," என்பாள். நடுவே ஒரு கல்யாணம். மூன்று வருடம். "இந்த வீட்ல தண்ணி கூட பாதிதான் கிடைக்கும்" என்று கணவர் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாராம். பிரிந்ததற்குக் காரணம் வேறு. ஆனால் அந்தச் சிரிப்பை அவள் மறக்கவில்லை. அப்பா வீட்டுக்கே திரும்பி வந்தாள். வீட்டிலிருந்தபடி பாடப்புத்தகங்களுக்குப் படம் போட்டாள். மிச்ச நேரத்தில் எட்டு வருடமாகத் தனக்கென்று ஒரு படம் எடுத்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு நிமிடப் படம். பத்தரை நிமிடம் முடிந்திருந்தது. கடைசி ஒன்றரை நிமிடம் வரவில்லை. படத்தை வாங்கிக்கொள்வதாக ஒப்புக்கொண்ட குழந்தைகள் பட நிறுவனத்துக்காரர் வாரம் ஒரு தடவை போன் செய்வார். இன்னும் இரண்டு மாதத்தில் கொடுக்காவிட்டால் அவ்வளவுதான்.

பெரியவரை எல்லோரும் டிரில் மாஸ்டர் என்பார்கள். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் விசில் ஊதியவர். எண்பத்தொரு வயதிலும் தோள் அகலம் குறையவில்லை. நான் போனபோது விழுந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. வலது கையும் காலும் போயிருந்தன. பேச்சும் போயிருந்தது. மிஞ்சியது ஒரே ஒரு வார்த்தை: "ஆமா." பசிக்கிறதா என்றால் ஆமா. வலிக்கிறதா என்றால் ஆமா. வலிக்கவில்லையே என்றாலும் ஆமா.

மழை பெய்த ஒரு மத்தியானம் பெரியவர் தூங்கிவிட்டார். துவைத்த போர்வைகளை மடித்துக்கொண்டே காகித அறைக்குள் எட்டிப் பார்த்தேன்.

"வந்து பாருங்க சிஸ்டர். பத்தரை நிமிஷம்தான்," என்றாள்.

நின்றபடி பார்த்தேன். ஒரு சின்னப் பெண். அவள் கையில் தளும்பத் தளும்ப ஒரு டம்ளர் தண்ணீர். இருபுறமும் கதவுகளோடு ஒரு நீள நடைக்கூடம். அது நீண்டுகொண்டே போகிறது. சுவர்க் கடிகாரம் கால் முளைத்து இறங்கி ஓடுகிறது. ஒரு அலமாரி கழுத்தில் ஸ்டெதஸ்கோப் போட்டுக்கொண்டு நடந்து வந்து, கதவைத் திறந்து, உள்ளே இருக்கும் வெள்ளைத் துணிகளைக் காட்டிவிட்டுப் போகிறது. தரை ஒரு பக்கமாகச் சாய்கிறது. பெண் எதிர்ப்பக்கமாகச் சாய்கிறாள். டம்ளருக்குள் எட்டிப் பார்த்தால் அங்கே ஒரு பெரிய ஏரி, நடுவில் கட்டில், கட்டிலில் ஒரு பெண் படுத்துத் துடுப்புப் போடுகிறாள். சின்னப் பெண் மூச்சு விட்டால் ஏரியில் அலை வருகிறது. அதனால் அவள் மூச்சு விடுவதில்லை. அவள் முகம் நீலமாகிறது. அத்தோடு படம் நின்றுவிட்டது.

"அப்புறம்?"

"அப்புறம்தான் தெரியல."

"இத கொழந்தைங்க பாக்கணுமா? ராத்திரி படுக்கைய நனைச்சிரும்."

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. மூன்று வாரமாக என்னைப் படுத்தும் டம்ளரை அங்கே பார்த்துவிட்டேன்.

"அந்தப் பொண்ணு நீதானே?" என்றேன்.

அவள் சொன்னது இது. அவளுக்கு ஆறு வயது. அம்மா ஆஸ்பத்திரியில். என்ன நோய் என்று இன்றுவரை அவளுக்குச் சரியாகத் தெரியாது. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் அப்பா அவளையும் கூட்டிப்போயிருந்தார். அவள் ஒரு இடத்தில் உட்காராத பிள்ளை. நடையில் ஓடினாள், கதவுகளைத் தள்ளினாள், பெஞ்சுக்குப் பெஞ்சு தாவினாள். அப்பாவுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. அடங்காத பிள்ளைகளை அடிக்க மாட்டார். டம்ளர் நிறையத் தண்ணீரைக் கையில் கொடுத்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் உட்காரச் சொல்வார். அரைமணி நேரத்தில் எப்பேர்ப்பட்ட வாலும் சுருண்டுவிடும். அதைத்தான் அன்று மகளிடமும் செய்தார். கூட ஒரு வாக்கியம் சேர்த்துக்கொண்டார். "சிந்தாம வச்சிருந்தீன்னா அம்மா நல்லாயிருவா."

உட்கார்ந்தாள். இரண்டு மணி நேரமோ என்னவோ. பிறகு ஒரு தள்ளுவண்டி வந்தது. தள்ளியவர் பார்க்கவில்லை, முழங்காலில் இடித்துவிட்டது. தண்ணீர் முழுக்கத் தரையில். யாரும் கவனிக்கவில்லை. அவள் ஓடிப்போய், நடைக்கோடியில் இருந்த குழாயில் டம்ளரை நிறைத்து, திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

அப்பா வந்தார். நிறைந்த டம்ளரைப் பார்த்தார். "நல்ல பொண்ணு," என்றார். டம்ளரை வாங்கி, பக்கத்தில் இருந்த தொட்டியில் ஊற்றினார். அப்புறம்தான், அம்மா இனி வரமாட்டாள் என்று சொன்னார்.

"அவருக்குத் தெரியாது நான் சிந்துனது. குழாய்த் தண்ணிய வச்சி ஏமாத்துனது. யாருகிட்டயும் சொன்னதில்ல. உங்ககிட்டதான் மொத தடவ."

"ஐம்பது வயசாகுது. இன்னுமா நம்பற?"

"நம்பல. நிறைய ஊத்துனா கை நடுங்குது, அவ்ளோதான்."

"சரி, இப்ப என்னதான் வேணும் உனக்கு?"

இதற்கு அவள் யோசிக்கவே இல்லை. "ஒண்ணே ஒண்ணு. அம்மா போயிட்டாங்கன்னு டாக்டர் அப்பாகிட்ட எப்ப சொன்னாரு? எங்கிட்ட டம்ளரக் கொடுக்கறதுக்கு முன்னாடியா, பின்னாடியா? முன்னாடியே சொல்லியிருந்தா அம்மா ஏற்கெனவே போயாச்சு. நான் சிந்துனதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. பின்னாடின்னா..." கையை விரித்தாள். "சம்பந்தம் இல்லன்னு அப்பவும் தெரியும். ஆனா தெரிஞ்சி என்ன பண்றது? படத்த முடிக்க முடியலயே. ஏழு முடிவு வரைஞ்சி கிழிச்சாச்சு."

"கேக்க வேண்டியதுதானே, நாப்பத்திநாலு வருஷமா என்ன பண்ணின?"

"கேக்கறதுக்கு நாள் பாத்து வச்சிருந்தேன் சிஸ்டர். ஞாயித்துக்கிழமைன்னு. அவரு வியாழக்கிழமை விழுந்துட்டாரு."

எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. அவள் மேல்தான் பட்டேன். சுலபமாக இருந்தது.

விழுந்த பிறகும் அவள் கேட்டுத்தான் பார்த்திருக்கிறாள். முன்னாடியா? ஆமா. பின்னாடியா? ஆமா. முதல் தடவை 'முன்னாடி'க்கு ஆமா வந்ததும் அழுதிருக்கிறாள். அடுத்த ஆமாவில் அழுகை நின்றுவிட்டது. இப்போதும் விடவில்லை. நான் குளிப்பாட்டிக்கொண்டிருக்கும்போது வந்து நிற்பாள். "அப்பா, நல்லா யோசிச்சி சொல்லுங்க..." அவர் கண்ணை இறுக்கிக்கொள்வார். கழுத்து விறைக்கும். கட்டிலில் சாய்த்த பிறகும் அரைமணி நேரம் ஆகும் அவர் அடங்க.

ஒரு நாள் பொறுமை போய்விட்டது. "இங்க வா, பாரு," என்று அவளை நிறுத்திவைத்து அவரிடம் கேட்டேன்.

"ஐயா, மேல சுத்தறது ஃபேனா?"

"ஆமா."

"மேல சுத்தறது எருமையா?"

"ஆமா."

"நான் உங்க மாமியாரா?"

"ஆமா," என்றார், கொஞ்சம் அழுத்தமாகவே.

"பாத்தியா? இந்த ஆமாவ வச்சிக்கிட்டு நீ உன் அம்மா உயிரக் கணக்குப் போடற. அவரு பொய் சொல்லல. வாயில வேற எதுவும் இல்ல, அவ்ளோதான்."

பெரியவரின் தங்கை மாதம் ஒரு தடவை வருவார். அத்தைக்கு எழுபத்தைந்து. மூன்று மாடி ஏறிவந்த மூச்சு வாங்கும்போதே பேச ஆரம்பித்துவிடுவார். அந்தத் தடவை அவரிடமும் மகள் கேட்டாள்.

"எனக்கென்னடி தெரியும்? நான் மறுநாள்தான் வந்தேன். சாயந்திரம் போச்சுன்னாங்க."

"சாயந்திரம்னா எத்தன மணி அத்த?"

"அப்ப எங்கிட்ட வாட்சு ஏது? உங்கப்பன் அன்னிக்கிருந்து இன்னொரு கல்யாணம் பண்ணாம ஒத்தக் கையால ஒன்ன வளத்தான். படுக்கையில கிடக்கறவன குத்தவாளிக் கூண்டுல ஏத்தறியே. பொம்ம படத்துக்கு முடிவு வேணும்னா ரெண்டு பேரும் ஊஞ்சல்ல ஆடறாங்கன்னு போடேன்."

"போன்ல அந்தப் படக் கம்பெனி ஆளும் இதத்தான் அத்த சொல்றாரு. அம்மா எழுந்து வந்து கட்டிப்புடிக்கணுமாம்."

"நல்லவனாத்தான் இருக்கான்," என்றார் அத்தை.

அத்தை போன பிறகு அவள் சமையலறையில் பாத்திரங்களைப் போட்டு உருட்டினாள். எனக்கும் நிம்மதி போய்விட்டது. அவளுக்காக இல்லை. அந்த ஒரு கேள்வி அந்த வீட்டில் இருக்கும்வரை நோயாளிக்கு ஓய்வு கிடையாது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

பேச்சு போனவர்களில் சிலருக்குப் படம் புரியும். படங்களைக் கலைத்துப்போட்டால் வரிசையாக அடுக்குவார்கள். பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததுதான். அதைச் சொன்னதும் அவள் பாய்ந்துபோய்ப் பன்னிரண்டு படங்களைக் கொண்டுவந்து அவர் படுக்கை மேஜையில் பரப்பினாள். ஏரி, துடுப்பு, கால் முளைத்த கடிகாரம், ஸ்டெதஸ்கோப் போட்ட அலமாரி. பெரியவர் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். இதெல்லாம் என்ன என்பது போல இருந்தது அந்தப் பார்வை. அவர் பக்கம் நியாயம் இருந்தது.

"எடு எல்லாத்தையும். டாக்டர டாக்டரா வரை."

"அவரு எனக்கு அலமாரியாத்தான் தெரிஞ்சாரு."

"ஒனக்கு. அவருக்கு டாக்டராத்தான் தெரிஞ்சிருப்பாரு. மூணே படம். டாக்டர் கதவுகிட்ட நின்னு ஒங்கப்பாகிட்ட சொல்றாரு, ஒங்கப்பா தலையில கை வைக்கறாரு. ரெண்டாவது, டம்ளரக் கொடுக்கறாரு. மூணாவது, திருப்பி வாங்கறாரு. அவருக்குத் தெரியாத எதையும் வரையாத. சிந்துனத வரையாத."

இதை வரைய அவளுக்கு நான்கு நாள் ஆயிற்று. எட்டு வருடமாக நேராக ஒரு மனிதனை வரையவில்லையாம். முதலில் வரைந்த டாக்டருக்கு அலமாரிக் கைப்பிடி இருந்தது. இரண்டாவதில் அப்பாவின் கால் தரையில் படவில்லை. "மிதக்கறாரே," என்றேன். கிழித்தாள். நான்காம் நாள் கொண்டுவந்தவை சரியாக இருந்தன. முப்பத்தேழு வயது ஆள், அகலத் தோள், கழுத்தில் விசில். விசிலைக் கழற்றாமலே ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார் என்று அவளுக்கு வரையும்போதுதான் ஞாபகம் வந்ததாம்.

உடனே அதைக் காட்ட நான் விடவில்லை. முதலில் வேறு மூன்று படங்கள் வரையச் சொன்னேன். மாஸ்டர் விசில் ஊதுகிறார், பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள், பிள்ளைகள் கலைந்து ஓடுகிறார்கள். இதையே அடுக்கத் தெரியாதவரிடம் அதைக் கேட்டுப் பிரயோஜனம் இல்லை. வலப்பக்கம் இருப்பது அவர் கண்ணுக்குத் தெரியாது. அதனால் படங்களை இடப்பக்கமாக, ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்தேன். காலைக் குளியல் முடிந்து, வெளிச்சம் நன்றாக இருக்கும் நேரம். மகளை வாசற்படிக்கு வெளியே நிற்கச் சொன்னேன். "அங்கேருந்து பாரு. வாயத் தொறந்தா எழுந்து போயிருவேன்."

பெரியவர் இடது கையால் விசில் படத்தை மேலே தள்ளினார். அடுத்து வரிசை. அடுத்து ஓட்டம். நிமிர்ந்து பார்த்தார். பள்ளிக்கூட நினைவோ என்னவோ, முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது.

அப்புறம் அந்த மூன்றைக் கலைத்து வைத்தேன்.

வெகுநேரம் பார்த்தார். விரல் டம்ளர் கொடுக்கும் படத்தின் மேல் போயிற்று, நகர்த்தவில்லை. டாக்டர் படத்தைப் பிடித்தார். மேலே தள்ளினார். எல்லாவற்றுக்கும் மேலே. அதன் கீழ் டம்ளர் கொடுப்பது. அதன் கீழ் டம்ளர் வாங்குவது. கை டாக்டர் படத்துக்குத் திரும்பிப் போய் அதன் மேலேயே கிடந்தது.

வாசலைத் திரும்பிப் பார்த்தேன். அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"இது ஒரு தடவதான். ஒண்ண வச்சி முடிவு பண்ணக் கூடாது. நாளைக்கும் பாக்கணும்," என்றேன்.

மறுநாளும் விசில் வரிசை சரியாக வந்தது. மறுநாளும் டாக்டர் மேலே. மூன்றாம் நாள் அந்த மூன்றை வைத்தவுடன் இடது கையால் ஒரே வீச்சாகத் தள்ளிவிட்டார். படங்கள் கட்டிலுக்கடியில் போய் விழுந்தன. "ஆமா," என்றார். "ஆமா, ஆமா, ஆமா." முகம் சிவந்துவிட்டது. இனி இதைக் கேட்கக் கூடாது என்று மகளிடம் சொல்லிவிட்டேன். மூன்றில் இரண்டு. மூன்றாவதில் பதில் இல்லை. இவ்வளவுதான் கிடைக்கும்.

ஆக, டாக்டர் முதலில் சொல்லிவிட்டார். அதன் பிறகுதான் அவர் டம்ளரைக் கொடுத்தார். எனக்கு அது போதுமாக இருந்தது. இனி அவள் நிம்மதியாக டம்ளரை நிறைப்பாள், படத்தை முடிப்பாள், நோயாளி தூங்குவார் என்று நினைத்தேன். முப்பத்தொன்பது வருடம் மனிதர்களைப் பார்த்தும் நான் நினைத்தது அதுதான்.

அன்று மாலை துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போனேன். பின்னாலேயே வந்தாள்.

"அப்போ எதுக்கு சிஸ்டர் எங்கிட்ட கொடுத்தாரு?"

"எத?"

"டம்ளர. அம்மா செத்தாச்சு. அவருக்குத் தெரியும். தெரிஞ்சிக்கிட்டே, சிந்தாம வச்சிரு, நல்லாயிருவான்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. ரெண்டு மணி நேரம்! நான் மூச்சக் கூட அளந்து விட்டுக்கிட்டு ஒக்காந்திருந்தேன். யாருக்காக? போனவங்களுக்காக."

"ஆறு வயசுப் புள்ள. அங்கயும் இங்கயும் ஓடுது. அந்த மனுஷனுக்கு ஆயிரம் வேல. கையெழுத்துப் போடணும், சொந்தக்காரங்களுக்குச் சொல்லணும், வண்டி பாக்கணும். ஒன்ன என்னதான் பண்ணியிருக்கணும்ங்கற?"

"மடியில வச்சிருக்கலாம்."

நான் ஒரு பக்கம் பிடித்திருந்த போர்வையின் மறுபக்கத்தை அவள் பிடித்துக்கொண்டிருந்தாள். அதை மடித்து முடித்தோம். நானும் ஆஸ்பத்திரி நடைகளில் எத்தனையோ குழந்தைகளிடம் 'தோ, இப்ப வந்துருவாங்க' என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்க்கப் போயிருக்கிறேன். எனக்கும் கையில் வேலை இருந்தது.

கடைசியில் எரிச்சலில் வாயில் வந்ததைக் கேட்டேன். "ரெண்டு மணி நேரம் தண்ணியக் கையில வச்சிருந்தியே, ஒரு வாய் குடிச்சியா?"

"என்னது?"

"தாகம் எடுக்கலயா உனக்கு? ஓடி ஆடின புள்ள. காலையிலேருந்து யாராவது ஒனக்குத் தண்ணி கொடுத்தாங்களா?"

அவள் மடித்த போர்வையை மார்போடு பிடித்துக்கொண்டாள். "நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு," என்றாள் மெல்ல. "எனக்கு ஞாபகம் இருக்கு. பயங்கரத் தாகம்."

"அப்புறம்? கையிலதானே இருந்துச்சு, மடச்சி."

அதன்பின் நான்கு நாள் அவள் அப்பாவிடம் பேசவில்லை. சாப்பாடு கொண்டுவந்து வைப்பாள், ஊட்டுவது நான். போர்வை மாற்ற ஒரு பக்கம் பிடிப்பாள். அவர் முகத்தைப் பார்க்க மாட்டாள். அவர் கண் அவள் பின்னாலேயே போகும். என்னிடம் அதற்கு மருந்து இல்லை. தண்ணீர் மட்டும் அப்போதும் பாதி பாதியாகத்தான் வந்தது. உண்மை தெரிந்தால் கை சரியாகிவிடும் என்று நான் நினைத்தது தப்பு. கைக்கு உண்மை தெரியாது போலிருக்கிறது. எனக்குக் கோபம் வந்தது. நானே எழுந்து நிறைத்துக்கொண்டு வந்தேன்.

ஐந்தாம் நாள் காகித அறையில் விளக்குப் பலகை எரிந்தது. ஆறு வாரம் எரிந்தது. நடுவே பட நிறுவனத்துக்காரரோடு போனில் பெரிய ரகளை. "கட்டிப்புடிக்க ஆளில்ல சார். அம்மா வரமாட்டாங்க... இல்ல சார், ஊஞ்சலும் கிடையாது... சந்தோஷம்தான் சார், அவளுக்குத் தாகம் அடங்குதே, அத விட என்ன சந்தோஷம் வேணும் உங்களுக்கு?" வைத்துவிட்டு வந்து, "யோசிச்சி சொல்றாராம். எட்டு வருஷமா எடுத்தத இனிமேதான் யோசிப்பாராம்," என்றாள். இன்றுவரை அவர் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

படம் முடிந்த அன்று மத்தியானம் மடிக்கணினியைக் கொண்டுவந்து பெரியவரின் படுக்கை மேஜையில் வைத்தாள். இடப்பக்கமாக வைத்தாள், அது மட்டும் ஞாபகம் இருந்தது. நான் அவரை நிமிர்த்தி உட்காரவைத்தேன். படம் ஓடியது. நீண்ட நடை, ஓடும் கடிகாரம். அலமாரி வந்ததும் பெரியவர் புருவத்தைச் சுருக்கினார். தரை சாய்ந்தபோது கூடவே கொஞ்சம் சாய்ந்தார். ஏரி வந்தது, துடுப்பு வந்தது. எட்டாவது நிமிடம் அளவில் அவர் தாடை தொங்கிவிட்டது. மாத்திரை போட்ட நேரம். தூங்கிவிட்டார்.

முடிவை நான் மட்டும்தான் பார்த்தேன். நீலமாகிப்போன பெண் டம்ளரையே பார்க்கிறாள். ஏரியில் இருக்கும் அம்மா துடுப்பைக் கீழே வைத்துவிட்டு மேலே பார்க்கிறாள். பெண் மூச்சு விடுகிறாள். அலை எழுகிறது. டம்ளரை வாயில் வைத்துக் குடிக்கிறாள், ஏரி, கட்டில், அம்மா எல்லாவற்றையும். தாடையில் வழிய வழியக் குடிக்கிறாள். முகம் மெதுவாகப் பழைய நிறத்துக்கு வருகிறது. காலி டம்ளரைப் பெஞ்சில் கவிழ்த்துவைத்துவிட்டு ஓடத் தொடங்குகிறாள். நடை முழுக்க ஓடுகிறாள்.

"தூங்கிட்டாரா?" என்றாள்.

"ம்."

"எப்பருந்து?"

"ஏரி வந்ததும்."

"எட்டு வருஷம் சிஸ்டர்." மடிக்கணினியைப் பட்டென்று மூடினாள். "கடைசி வரைக்கும் ஒண்ணையும் பாக்க மாட்டாரு, கேக்க மாட்டாரு."

அந்தச் சத்தத்தில் அவர் விழித்துக்கொண்டார். உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு இடது கையைத் தூக்கி வாயருகே காட்டினார். தண்ணீர் கேட்கிறார். நான் எழப்போனேன்.

"நான் போறேன்," என்றாள்.

சமையலறையில் குழாய் வழக்கத்தைவிட நீளமாக ஓடியது. அவள் வருவதைப் பார்த்தேன். டம்ளர் விளிம்புவரை இருந்தது. பார்வை அதன் மேலேயே. எட்டாவது அடியில் கை நடுங்கத் தொடங்கிவிட்டது. வாசற்படியைத் தாண்டும்போது தண்ணீர் தளும்பி மணிக்கட்டில் வழிந்து தரையில் சொட்டியது. அவள் அங்கேயே நின்றுவிட்டாள். தரையில் விழுந்த தண்ணீரையே பார்த்தாள்.

"நிக்காத. அவருக்குத் தொண்ட காயுது. தொடைக்க நான் இருக்கேன்."

வந்தாள். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து டம்ளரை அவர் உதட்டில் வைத்தாள். தலை சாயாமலே தண்ணீர் வந்தது. அவர் குடித்தார். நான் குனிந்து வாசற்படியைத் துடைத்தேன்.

"எனக்குக் கோவம் இன்னும் போகல சிஸ்டர்," என்றாள், டம்ளரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"போகாட்டி இருக்கட்டும். மோவாயக் கீழ புடி."

பிடித்தாள்.